யுனிவர்சிட்டி வேலையும் நம்ம வழக்கமும்: வாசகர் கேள்வி, அக்கா பதில்

தென்னாப்பிரிக்காவுல யுனிவர்சிட்டியில, டெக்னிகானா இருந்து யுனிவர்சிட்டி ஆன இடத்துல வேலை பாக்குறவங்க ஆபீஸ் நடத்தை பத்தி என்ன சந்தேகம்னாலும் கேளுங்கன்னு போன இதழ்ல போட்டிருந்தோம். டர்பன், மாரிட்ஸ்பர்க், லெனேசியான்னு எல்லாப் பக்கத்துலேர்ந்தும் கடுதாசி வந்திருக்கு, சில பேரு வாய்ஸ் நோட்டே அனுப்பிட்டாங்க. பேரு, வேலை பாக்குற இடம் எல்லாத்தையும் எடுத்துட்டுத்தான் போடுறேன். எச்.ஆர்.ல ரொம்ப காலம் இருந்தவங்கற முறையில ஒண்ணு சொல்லணும், வந்த கேள்வியில முக்காவாசி ஒரே முடிச்சுதான்: வீட்டுலயும் கோயில்லயும் நாம பழகுற விதம் ஒண்ணு, சம்பளம் வாங்குற இடத்துல எதிர்பாக்குறது இன்னொண்ணு, ரெண்டும் இடிக்கிற இடத்துல நல்ல மனுஷங்களே மாட்டிக்கிறாங்க.

கேள்வி: அக்கா, நான் ஃபேகல்ட்டி ஆபீஸ்ல அட்மின். எங்க கோயில் கமிட்டியில இருக்கிற ஒரு அங்கிளோட பையனுக்கு பரீட்சை எழுதத் தகுதியான டீ.பி. கிடைக்கலை, பரீட்சை எழுத முடியாது. தீபாவளிக்கு வீட்டுக்கு வந்து பெரிய ஸ்வீட் டப்பா குடுத்தாங்க, அவங்க போனப்புறம் பாத்தா அடியில ஒரு கவர்ல 2000 ரேண்ட், கூடவே பையனோட ஸ்டூடண்ட் நம்பர் எழுதின சீட்டு. திருப்பிக் குடுத்தா மொகத்துல அடிச்ச மாதிரி இருக்கும்னு அம்மா சொல்றாங்க. என்ன பண்ண?
– ஒரு வாசகி, சாட்ஸ்வர்த்

பதில்: தங்கச்சி, ஸ்வீட்டு வேற, கவரு வேற. தீபாவளிக்கு பர்ஃபி, முறுக்கு, நான்கட்டாய்னு தெருவுல இருக்கிற எல்லா வீட்டுக்கும் தட்டு போறது டர்பன்ல காலங்காலமா நடக்கிறது, அதை யாரும் குத்தம் சொல்ல மாட்டாங்க. ஆனா டப்பாவோட ஸ்டூடண்ட் நம்பரும் சேந்து வந்துடுச்சுன்னா அது பண்டிகைப் பலகாரம் இல்ல. 2004-ல வந்த ஊழல் தடுப்புச் சட்டப்படி குடுக்கறவங்க மேலயும் குத்தம், வாங்கறவங்க மேலயும் குத்தம், தொகை சின்னதா பெருசாங்கற பேச்சே கிடையாது. நீங்க கம்ப்யூட்டர்ல ஒரு எழுத்தைக்கூட மாத்தலைன்னாலும், எதுக்காக வந்துச்சுன்னு தெரிஞ்சே கவரை வச்சுக்கிட்டாலே மாட்டிக்குவீங்க. மாத்தினா இன்னும் மோசம், ஏன்னா யாரு எந்த நேரத்துல எந்தப் பையனோட ரெக்கார்டைத் தொட்டாங்கன்னு சிஸ்டம்ல எல்லாமே பதிவாகுது, ஹியரிங்ல மொதல்ல எடுத்து வைக்கிறது அந்தப் பிரிண்ட்-அவுட்டைத்தான்.

இன்னைக்கு ராத்திரியே உங்க லைன் மேனேஜருக்கு ஒரு ஈமெயில் போடுங்க. இன்ன தேதி, இன்னார் வந்தாங்க, இவ்வளவு பணம் இருந்துச்சு, திருப்பிக் குடுக்கப் போறேன், இந்த மாணவரோட ஃபைலை வேற யாராவது பாக்கட்டும். இவ்வளவு போதும். பணத்தைத் திருப்பிக் குடுக்கத் தனியா போகாதீங்க, அம்மாவையே கூட்டிட்டுப் போங்க, "அங்கிள், டீ.பி. அப்பீலுக்குன்னு ஃபார்ம் இருக்கு, பையனுக்கு உடம்பு சரியில்லாம போச்சு, வீட்டுல சாவு, இந்த மாதிரி காரணம் இருந்தா சர்டிஃபிகேட்டோட தேதிக்குள்ள போடச் சொல்லுங்க"ன்னு சொல்லிட்டு வாங்க. ஃபார்ம் எங்க இருக்குன்னு எந்தப் பிள்ளை வந்து கேட்டாலும் காட்டுவீங்கல்ல, அதே உதவி இந்தப் பையனுக்கும், அதுக்கு மேல ஒரு பொட்டு வேணாம். டப்பாவை என்ன பண்றதுன்னு கிஃப்ட் ரெஜிஸ்டர்ல எழுதிக் கேட்டுக்கோங்க.

அம்மாகிட்ட இதையும் சொல்லுங்க. 1961-ல நம்ம பிள்ளைங்களுக்குன்னு கவர்மெண்ட் தனியா ஒதுக்கின காலேஜ் டர்பன் துறைமுகத்துல சாலிஸ்பரி தீவுல, நேவி விட்டுட்டுப் போன பாரக்ஸ்ல ஆரம்பிச்சது, பிள்ளைங்க ஃபெரி ஏறிப் போய் படிச்சாங்க. அதுதான் 1972-ல வெஸ்ட்வில்லுக்கு வந்து, 2004-ல நேட்டால் யுனிவர்சிட்டியோட சேந்து இன்னைக்கு குவாசூலு-நேட்டால் யுனிவர்சிட்டியா நிக்குது. அந்த மாதிரி காலேஜ்ல வாங்கின டிகிரியை "புஷ் காலேஜ்" டிகிரின்னு மட்டம் தட்டினாங்க, நம்ம டிகிரியும் டிகிரிதான்னு காட்ட எத்தனை பேரு ராப்பகலா ஒழைச்சிருக்காங்க. கவரு குடுத்தா டீ.பி. கிடைக்கும்னு ஒரு பேச்சு கிளம்பிச்சுன்னா கஷ்டப்பட்டு பாஸ் பண்ண பிள்ளைங்க சர்டிஃபிகேட்டையும் சேத்துத்தான் சந்தேகப்படுவாங்க. எனக்கு இதுதான் பெரிய வருத்தம்.

கேள்வி: அக்கா, நான் திருநெல்வேலிலேர்ந்து வந்து இங்க ஒரு லேப்ல கான்ட்ராக்ட்ல இருக்கேன். எங்க எச்.ஓ.டி. எல்லாருக்கும் முன்னாடி என் இங்கிலீஷைப் பேசிக் காட்டி சிரிக்கிறாரு, "இந்தியாவுக்கே பார்சல் பண்ணிடுவேன்"ங்கறாரு, லேப் வாட்ஸ்அப் குரூப்ல ராத்திரி பதினொரு மணிக்கு என் பேரைப் போட்டுத் திட்டுறாரு. அவரும் தமிழ்க் குடும்பம்தான். கோயில்ல பெரியவங்ககிட்ட சொன்னா நம்ம ஆளுதானே, மூத்தவரு, பொறுத்துக்கோங்கறாங்க. விசா அவரு கையில இருக்குன்னு பயமா இருக்கு.
– ஒரு வாசகர், டர்பன்

பதில்: தம்பி, மொதல்ல விசா பயத்தைப் பாப்போம். உங்களுக்கு விசா குடுத்தது உள்துறை டிபார்ட்மெண்ட், வேலை குடுத்தது யுனிவர்சிட்டி, அவரு ரெண்டும் இல்ல. கான்ட்ராக்ட்டைப் புதுப்பிக்கிறதுல அவரு பேச்சுக்கு மதிப்பு இருக்கு, அது உண்மை, அதை மறைக்க மாட்டேன். ஆனா இந்த நாட்டுத் தொழிலாளர் சட்டம் பாஸ்போர்ட் பாத்துப் பாதுகாப்பு குடுக்கறதில்ல, சரியான பர்மிட் இல்லாம வேலை பாத்த ஒரு வெளிநாட்டுக்காரருக்கே பாதுகாப்பு உண்டுன்னு 2008-லயே லேபர் கோர்ட் சொல்லியிருக்கு, உங்ககிட்ட எல்லா பேப்பரும் சரியா இருக்கு.

இப்ப விஷயத்துக்கு வரேன். 1998-ல வந்த எம்ப்ளாய்மெண்ட் ஈக்விட்டி சட்டத்துல 6-ஆம் பிரிவு இனம், மொழி, பொறப்பு, பூர்வீகம், மதம், பால், வயசு இப்படி ஒரு பட்டியலே போட்டு, அதை வச்சு ஒருத்தரைத் தொந்தரவு பண்றது பாகுபாடுதான்னு சொல்லுது. அதுக்கு மேல 2022 மார்ச் 18-லேர்ந்து வேலை இடத்துத் தொந்தரவு பத்தின நடத்தை விதி ஒண்ணு நடைமுறையில இருக்கு, அதை ஒவ்வொருத்தரும் ஒரு தடவையாவது படிக்கணும். கேலி பண்றது, எல்லாரும் பாக்க அவமானப்படுத்துறது, மிரட்டுறது எல்லாம் அதுல வருது. வாட்ஸ்அப்ல பண்ணாலும் வருது, டிபார்ட்மெண்ட் டின்னர்ல, டூர்ல பண்ணாலும் வருது. "நான் சும்மா தமாஷுக்குத்தான் சொன்னேன்"னு தப்பிக்க முடியாது, அவரு மனசுல என்ன நெனச்சாருங்கறது முக்கியம் இல்ல, உங்க கௌரவம் அடிபட்டுச்சாங்கறதுதான் கேள்வி. பெரிய அவமானமா இருந்தா ஒரே ஒரு தடவை நடந்தாலும் போதும்.

என்ன செய்யணும்னா ஒரு நோட்டு போடுங்க. "ரொம்ப கேவலமா பேசினாரு"ன்னு எழுதாதீங்க, அதை வச்சு யாராலயும் ஒண்ணும் பண்ண முடியாது. தேதி, மணி, எந்த ரூம், அவரு வாயிலேர்ந்து வந்த வார்த்தை அப்படியே, பக்கத்துல யாரு யாரு நின்னாங்க, இதை எழுதுங்க. வாட்ஸ்அப் மெசேஜை தேதி தெரியற மாதிரி ஸ்க்ரீன்ஷாட் எடுத்து ஆபீஸ் லேப்டாப்ல இல்லாம உங்க சொந்த ஈமெயிலுக்கு அனுப்பி வைங்க. நிறைய பேரு கேட்டிருக்கீங்க, ரெக்கார்ட் பண்ணலாமான்னு: நீங்களும் பேசுற பேச்சை நீங்க பதிவு பண்றது இங்க குத்தம் இல்ல, ஒட்டுக் கேக்கறதைக் கட்டுப்படுத்துற ரிக்காங்கற சட்டம் அதுக்கு எடம் குடுக்குது. மத்தவங்க ரெண்டு பேரு பேசுறதை ஒளிச்சு வச்சுப் பதிவு பண்றதுதான் குத்தம். ஆனா பதிவு பண்ணதைக் குரூப்ல போட்டு ஊரெல்லாம் பரப்பிடாதீங்க, அங்க உங்க கேஸே திரும்பிடும்.

அப்புறம் எச்.ஆர்.க்கு எழுத்துல புகார் குடுங்க, தள்ளிப் போடாதீங்க. எம்ப்ளாய்மெண்ட் ஈக்விட்டி சட்டத்துல 60-ஆம் பிரிவுன்னு ஒண்ணு இருக்கு, நீங்க உடனே நிர்வாகத்துக்குத் தெரியப்படுத்தி அவங்க சும்மா உக்காந்திருந்தாங்கன்னா எச்.ஓ.டி. பண்ணதுக்கு யுனிவர்சிட்டியே பொறுப்பாயிடும். அதான் எழுத்துல குடுங்கன்னு படிச்சுப் படிச்சு சொல்றேன். உள்ள நியாயம் கிடைக்கலைன்னா வேலைத் தகராறைத் தீத்து வைக்கிற கமிஷனான சி.சி.எம்.ஏ.வுக்குப் போக ஆறு மாசம் டைம். கோயில் பெரியவங்களுக்கு மரியாதை குடுங்க, கால்ல விழுந்து கும்பிடுங்க, ஆனா இந்த விஷயத்துல அவங்க சொல்ற யோசனை தப்பு. ஒரே மொழி பேசுறவரு ஒருத்தரை அவமானப்படுத்துறது எனக்கு இன்னும் அதிகமாத்தான் வலிக்குது, குறைச்சலா இல்ல.

கேள்வி: லைப்ரரியில வேலை. தைப்பூசக் காவடி எப்பவும் ரெஜிஸ்ட்ரேஷன் நேரத்துலதான் வருது, லீவு கேட்டா இல்லைங்கறாங்க. இந்த வருஷம் வேண்டுதல் இருக்கு. டாக்டர்கிட்ட ஒரு சீட்டு வாங்கிட்டுப் போயிடலாமான்னு பாக்குறேன். கூட வேலை பாக்குறவங்க எல்லாரும் அப்படித்தான் பண்றாங்க.
– ஒரு வாசகி, மெர்பேங்க்

பதில்: வேணாம்மா, அந்த சீட்டு மட்டும் வேணாம். உடம்பு முடியலைன்னு சிக் லீவு போட்டுட்டு ரக்பி மேட்ச் பாக்கப் போன ஒருத்தரோட வேலை போனது சரிதான்னு தொழிலாளர் மேல்முறையீட்டு கோர்ட்டே சொல்லிடுச்சு, அங்க பிரச்சினை மேட்ச் இல்ல, பொய்தான். காவடி தூக்கி நிக்கிற ஃபோட்டோவை யாராவது ஃபேஸ்புக்ல போடுவாங்க, அதை உங்க சூப்பர்வைசரே பாத்து லைக் போடுவாங்க. முருகனுக்குச் செய்ற வேண்டுதலைப் பொய்ச் சீட்டுல ஆரம்பிக்கணுமா சொல்லுங்க.

நேர் வழியிலயே நிறைய எடம் இருக்கு. இந்த நாட்டுல சட்டப்படி 12 பொது விடுமுறை, அதுல தீபாவளியும் இல்ல, தைப்பூசமும் இல்ல. ஆனா 1994-ஆம் வருஷத்துப் பொது விடுமுறைச் சட்டத்துலயே, நீங்களும் நிர்வாகமும் ஒத்துக்கிட்டா ஒரு பொது விடுமுறையை வேற நாளுக்கு மாத்திக்கலாம்னு இருக்கு. லைப்ரரி திறந்திருக்கிற ஏதாவது ஒரு விடுமுறை நாள்ல நான் டியூட்டி பாக்குறேன், காவடிக்கு விடுங்கன்னு எழுதிக் கேளுங்க. இல்லைன்னா உங்க வருஷ லீவுலேர்ந்து ஒரு நாள். வருஷ லீவை எப்போ எடுக்கறதுன்னு கடைசி முடிவு நிர்வாகத்துதுங்கறது நெஜம்தான், அதனாலதான் டிசம்பர் லீவுக்குப் போறதுக்கு முன்னாடியே, கோயில் காலண்டரைப் பாத்து தேதி போட்டு, அன்னைக்கு உங்க கவுண்ட்டரை யாரு பாத்துக்குவாங்கன்னு அவங்க சம்மதத்தோட பேரும் எழுதிக் குடுக்கணும். முதல் நாள் சாயங்காலம் போய் நின்னா யாராலயும் குடுக்க முடியாது, அங்க வரிசையில நிக்கிற பிள்ளைங்களும் பாவம்தானே.

அப்படி முன்கூட்டியே கேட்டும் காரணமே சொல்லாம முடியாதுன்னாங்கன்னா அப்ப நீங்க பேசலாம். 2007-ல நம்ம டர்பன் பொண்ணு ஒருத்தி பள்ளிக்கூடத்துக்கு மூக்குத்தி போட்டுட்டுப் போனதுக்கு, அது அவ மதமும் பண்பாடும் சேந்த விஷயம், நிர்வாகம் கொஞ்சம் எடம் குடுத்தே ஆகணும்னு அரசியல் சாசன கோர்ட் தீர்ப்பு சொல்லிச்சு. 2018-ல சனிக்கிழமை வேலை பாக்க மாட்டேன்னு சொன்ன ஒரு கிறிஸ்தவப் பொண்ணை வேலையை விட்டு எடுத்தது செல்லாதுன்னு தொழிலாளர் மேல்முறையீட்டு கோர்ட்டும் சொல்லியிருக்கு. கேட்டதெல்லாம் கிடைக்கும்னு அர்த்தம் இல்ல, அவங்க உண்மையா முயற்சி பண்ணிருக்கணும்னு அர்த்தம்.

கேள்வி: நான் டிபார்ட்மெண்ட் செக்ரட்டரி. ஒர்க்‌ஷாப்புக்கு சாப்பாடு ஆர்டர் பண்றது என் பொறுப்பு. என் வீட்டுக்காரர் கேட்டரிங் பண்றாரு, மூணு கோட்டேஷன் வாங்கினேன், அவரோடதுதான் கம்மி, பிரியாணியும் நல்லா இருக்கும். இதுல என்ன தப்பு?
– ஒரு வாசகி, டோங்காட்

பதில்: கோட்டேஷன் கம்மிங்கறது இங்க கணக்கே இல்ல. 1997-ஆம் வருஷத்து உயர்கல்விச் சட்டத்துல 34-ஆம் பிரிவு, பொது யுனிவர்சிட்டியில வேலை பாக்குறவங்க அதே யுனிவர்சிட்டியோட வியாபாரம் பண்ணக்கூடாது, யுனிவர்சிட்டி சார்பா தனக்கோ தன் சொந்தக்காரங்களுக்கோ கான்ட்ராக்ட் குடுக்கக்கூடாதுன்னு சொல்லுது. பொருள் வேற எங்கயுமே கிடைக்காது, குடுக்க வேற ஆளே கிடையாது, யுனிவர்சிட்டிக்கும் அதுதான் நல்லதுன்னு கவுன்சில் முடிவு பண்ணா மட்டும் வியாபாரத்துக்கு விலக்கு. டோங்காட்ல பிரியாணி போட வேற ஆளே இல்லைன்னு யாரும் நம்ப மாட்டாங்க. இன்னும் ஆர்டர் போகலைன்னா அந்தக் கோட்டேஷனை இன்னைக்கே எடுத்துடுங்க, ஏற்கெனவே போயிருந்தா நீங்களே போய் சொல்லுங்க, மத்தவங்க கண்டுபிடிச்சு சொல்ற வரைக்கும் காத்திருக்காதீங்க. வருஷா வருஷம் வர்ற டிக்ளரேஷன் ஃபார்ம்ல வீட்டுக்காரர் தொழிலை எழுதுங்க, "இல்லை"ன்னு டிக் போட்டுட்டு விடறதுதான் நிறைய பேரைக் கவுக்குது.

நீங்களே வார இறுதியில சமோசா போட்டு வெளிய விக்கிறீங்கன்னா அது வேற, ஆனா அதையும் எழுதிக் குடுங்க. ஒரு இறைச்சிக் கம்பெனியோட சேல்ஸ் பொண்ணு வீட்டுல பில்டாங்ங்கற காஞ்ச எறச்சி போட்டுத் தனியா வித்துட்டு இருந்ததைக் கம்பெனிகிட்ட சொல்லலை, வேலை போச்சு, 2022-ல மேல்முறையீட்டு கோர்ட்டும் கம்பெனி பக்கம்தான் பேசிச்சு. என் வேலை ஒண்ணும் கெட்டுப் போகலையேன்னு அவங்க சொன்னது எடுபடலை, சொல்லாம வச்சதுதான் குத்தமாச்சு.

கேள்வி: அக்கா, நான் பி.எச்.டி. பண்றேன், டியூட்டரா இருக்கேன். என் டியூட்டோரியல்ல இருக்கிற ஒரு பொண்ணும் நானும் விரும்புறோம். ரெண்டு பேரும் மேஜர்தான், வீட்டுலயும் சம்மதிப்பாங்க. இதை ஏன் ஆபீஸ்ல சொல்லணும்?
– ஒரு வாசகர், மாரிட்ஸ்பர்க்

பதில்: தம்பி, உங்க நல்ல மனசை நான் சந்தேகப்படலை. ஆனா அந்தப் பொண்ணோட ஸ்கிரிப்ட்டை நீங்க திருத்துறீங்க. அவளுக்கு எழுபது போட்டா மத்த பிள்ளைங்க பேசுவாங்க, அம்பது போட்டா உங்களுக்குள்ள சண்டை, நாளைக்கு அவ உங்களை வேணாம்னு சொல்ல நெனச்சாலும் மார்க்கு உங்க கையில இருக்கேன்னு யோசிப்பா. சம்மதம்னா சுதந்திரமா குடுக்கணும், பேனா ஒரு பக்கமே இருக்கும்போது அது முழு சம்மதமான்னு அவளுக்கே தெரியாம போகலாம். 2020-ல உயர்கல்வி டிபார்ட்மெண்ட் பால் ரீதியான வன்முறை பத்தி ஒரு கொள்கை கொண்டு வந்தது சும்மா இல்ல, மார்க்கைக் காட்டிப் பொண்ணுங்களைப் படுத்தின கதை இந்த நாட்டுல அவ்வளவு இருக்கு.

கோர்ஸ் கோஆர்டினேட்டர்கிட்ட இந்த வாரமே சொல்லுங்க, அவளை வேற டியூட்டோரியல் குரூப்புக்கு மாத்தச் சொல்லுங்க, அவ பேப்பரை வேற ஆளு திருத்தட்டும், இதெல்லாம் எழுத்துல இருக்கட்டும். உங்க யுனிவர்சிட்டி பாலிசி முழுசா தடை பண்ணியிருந்தா டியூட்டர் வேலையை விட்டுடுங்க, காதலை ஒளிக்காதீங்க. இதைச் சொல்ல வெக்கமா இருக்குன்னா, அந்தப் பொண்ணு பேரு டிபார்ட்மெண்ட் வராந்தாவுல அடிபடறதைவிட இது எவ்வளவோ தேவலாம்.

கேள்வி: என் சித்தப்பா அவரு பொண்ணு ரிசல்ட்டை சிஸ்டத்துல பாத்துச் சொல்லச் சொல்றாரு, ஃபீஸ் கட்டுறதே அவருதான். சொல்லலாமா?
– ஒரு வாசகி, ஃபீனிக்ஸ்

பதில்: கூடாது. 2021 ஜூலை 1-லேர்ந்து சொந்தத் தகவலைப் பாதுகாக்குற போப்பியா சட்டத்தை முழுசா அமல்படுத்துறாங்க, அந்த மார்க்கு அவளோட சொந்தத் தகவல், ஃபீஸ் கட்டுறதால அது சித்தப்பாவோடது ஆயிடாது. வேலைக்குத் தேவையில்லாம நீங்க அவ பேஜைத் திறந்து பாத்தாலே தப்பு, வெளிய சொல்லலைன்னாலும். "சித்தப்பா, என் வேலை போயிடும், தங்கச்சிகிட்டயே கேளுங்க"ன்னு பளிச்னு சொல்லிடுங்க, ரெண்டு நாள் கோவிச்சுக்குவாரு, அப்புறம் சரியாயிடும்.

கேள்வி: ஸ்டோர்ஸ்ல கிளார்க். சாமானே வராத இன்வாய்ஸுக்கு சாமான் வந்து சேந்துச்சுங்கற ஜி.ஆர்.வி. சீட்டுல கையெழுத்து போடச் சொல்றாங்க. ரெண்டு தடவை இல்லைன்னுட்டேன். அடுத்து மிரட்டுவாங்கன்னு தோணுது. பேப்பர்காரங்களுக்கு அனுப்பிடவா?
– ஒரு வாசகர், லெனேசியா

பதில்: அண்ணா, கையெழுத்து போடாம நின்னீங்களே, அதுக்கே உங்களைக் கும்பிடணும். பேப்பர்காரங்க இப்ப வேணாம், ஃபேஸ்புக் சுத்தமா வேணாம். 2000-ல வந்த புரொடெக்டட் டிஸ்குளோஷர் சட்டம் உங்களுக்குக் காவல், ஆனா யாருகிட்ட சொல்றீங்கங்கறதைப் பொறுத்துத்தான் அந்தக் காவல் பலமா இருக்கும். நிர்வாகத்துக்குள்ளேயே அதுக்குன்னு இருக்கிற ஆளுகிட்ட, வக்கீல்கிட்ட, பப்ளிக் புரொடெக்டர்கிட்ட, ஆடிட்டர் ஜெனரல்கிட்ட சொன்னா பாதுகாப்பு லேசா கிடைக்கும், நேரா மீடியாவுக்குப் போனா சட்டம் கேக்குற நிபந்தனை ரொம்ப அதிகம். 2017-ல சட்டத்தைத் திருத்தினப்புறம், புகார் வாங்கினவங்க 21 நாளுக்குள்ள விசாரிக்கப் போறோமா இல்லையான்னு எழுத்துல பதில் சொல்லணும். இதுக்காக உங்களை இடமாத்தம் பண்ணா, சம்பளத்துல கை வச்சா 90 நாளுக்குள்ள சி.சி.எம்.ஏ. போகலாம். வேலையை விட்டே எடுத்தா 30 நாளுக்குள்ள போகணும், அதுல 24 மாச சம்பளம் வரைக்கும் நஷ்டஈடு கேக்கலாம்.

ஆனா சட்டத்தை மட்டும் நம்பிச் சொன்னா நான் உங்களுக்கு உண்மையா இல்ல. ஃபோர்ட் ஹேர் யுனிவர்சிட்டியில நடந்த முறைகேட்டை 2022-ல அரசோட சிறப்பு விசாரணைப் பிரிவான எஸ்.ஐ.யு. விசாரிக்க ஆரம்பிச்சாங்க, 2023 ஜனவரியில துணைவேந்தரோட பாதுகாவலரை ஆலிஸ்ங்கற ஊர்ல சுட்டுக் கொன்னுட்டாங்க. அதனால தனி ஆளா நிக்காதீங்க. நெஹாவு மாதிரி யூனியன்ல இருந்தீங்கன்னா அவங்களுக்குத் தெரியணும், நம்பிக்கையான ஒரு வக்கீல்கிட்ட ஒரு செட் காப்பி இருக்கணும், வீட்டுல இருக்கிறவங்களுக்கு விஷயம் தெரியணும். ஒரிஜினலை ஆபீஸ்லேர்ந்து வெளிய எடுத்துட்டு வராதீங்க, திருட்டுன்னு உங்க மேலயே திருப்புவாங்க, எந்த இன்வாய்ஸ், என்ன நம்பர், என்ன தேதின்னு குறிச்சு வைங்க. கான்டீன்ல இதைப் பத்தி ஒரு வார்த்தைகூடப் பேசாதீங்க.

கேள்வி: என் வீட்டுக்காரர் ரெசிடென்ஸ்ல மெயின்டெனன்ஸ் வேலை, 14 வருஷமா இருக்காரு, ஒரு வார்னிங்கூட கிடையாது. போன வாரம் சூப்பர்வைசர் எங்க மாமியாரைச் சொல்லித் திட்டினாருன்னு இவரும் கெட்ட வார்த்தையில பேசி ஸ்பேனரைக் கீழ போட்டுட்டு வந்துட்டாரு. வெள்ளிக்கிழமை ஹியரிங் நோட்டீஸ் குடுத்துட்டாங்க, செவ்வாய்க்கிழமை வரணுமாம், அதுவரைக்கும் சஸ்பென்ஷன். ரெக்கார்டு கெடாம ரிசைன் பண்ணிடலாம்னு மகன் சொல்றான்.
– ஒரு வாசகி, மாரிட்ஸ்பர்க்

பதில்: அம்மா, ரிசைன் லெட்டர் எழுதியிருந்தா கிழிச்சுப் போடுங்க. குடுத்துட்டா அவங்க மனசு வச்சாதான் திருப்பி வாங்க முடியும், தானா ரிசைன் பண்ணவங்களுக்கு வேலை இல்லாதவங்களுக்குக் குடுக்கிற யூ.ஐ.எஃப். காப்பீட்டுப் பணமும் கிடைக்காது, வேலையை விட்டு எடுத்தா கிடைக்கும். மகன் நல்லது நெனச்சுத்தான் சொல்றான், ஆனா அது அப்பாவோட கையைக் கட்டிடும். சஸ்பென்ஷன்னு பயப்படாதீங்க, சம்பளத்தோட இருக்கிற வரைக்கும் அது தண்டனை இல்ல, விசாரணை முடியற வரைக்கும் ஒதுங்கி இருக்கச் சொல்றது. முன்னாடியே கூப்பிட்டுக் கேக்காம சஸ்பெண்ட் பண்றது செல்லும்னு 2019-ல அரசியல் சாசன கோர்ட்டே சொல்லிடுச்சு, அதுல நேரத்தை வீணாக்க வேணாம்.

2025 செப்டம்பர் 4-லேர்ந்து டிஸ்மிசல் பத்திப் புது நடத்தை விதி வந்திருக்கு, ஆனா அடிப்படை அதேதான்: என்ன குத்தம்னு தெளிவா சொல்லணும், பதில் தயார் பண்ண நியாயமான நேரம் குடுக்கணும், கூட வேலை பாக்குறவரோ யூனியன் ஆளோ பக்கத்துல இருக்கலாம். வெள்ளிக்கிழமை குடுத்து செவ்வாய்க்கிழமைன்னா நடுவுல ஒரே ஒரு வேலை நாள்தான், தள்ளி வைங்கன்னு திங்கக்கிழமை காலையிலேயே ஈமெயில்ல கேளுங்க. இங்கிலீஷ்ல பேச தடுமாறுவாருன்னா மொழிபெயர்க்க ஆளு கேளுங்க, அதுல கௌரவக் குறைச்சல் ஒண்ணும் இல்ல.

உள்ள எப்படி இருக்கும்னு சொல்றேன், பாதி பயம் அது தெரியாததாலதான். நீள மேஜை, தலைப்புல சேர்பர்சன், ஒரு பக்கம் நிர்வாகத்துக்காகப் பேசுற இனிஷியேட்டர், எதிர்ப்பக்கம் உங்க வீட்டுக்காரரும் யூனியன் பிரதிநிதியான ஷாப் ஸ்டூவர்டும், நடுவுல ரெக்கார்டர் ஓடிட்டு இருக்கும். மொதல்ல சார்ஜை ஒண்ணொண்ணா படிச்சு ஒத்துக்கறியா இல்லையான்னு கேப்பாங்க. அவங்க சாட்சி பேசும்போது இவரு குறுக்க கத்தக்கூடாது, பேப்பர்ல குறிச்சுக்கணும், அப்புறம் கேள்வி கேக்க நேரம் வரும். கெட்ட வார்த்தை பேசினது உண்மைன்னா உண்மைன்னு சொல்லிடட்டும், நாலு பேரு கேட்டதை இல்லைன்னு சாதிச்சா சொல்ற மத்த உண்மையும் அடிபட்டுப் போகும். ஆனா சூப்பர்வைசர் என்ன வார்த்தை சொன்னாரு, அதை யாரு கேட்டாங்கன்னு கட்டாயம் பதிவாகணும், அந்த ஆளை சாட்சிக்குக் கூப்பிடணும். கடைசியில தண்டனை பத்திப் பேசும்போது 14 வருஷ சர்வீஸ், ஒரு வார்னிங்கூட இல்ல, தூண்டிவிட்டாங்க, மன்னிப்பு கேக்கத் தயார், இதெல்லாம் எடுத்து வைக்கணும். சூப்பர்வைசர் மேல இவரு தனியா ஒரு கிரீவன்ஸும் போடலாம், பெத்தவளை இழுத்துப் பேசுறது எந்த நடத்தை விதியிலயும் கிடையாது, மேல இருக்கிறவருக்கும் அதே விதிதான்.

அதையும் மீறி வேலையை எடுத்தாங்கன்னா, உள்ளயே அப்பீல் இருந்தா அதைப் போடுங்க, டிஸ்மிசல் தேதியிலேர்ந்து, அப்பீல் போட்டிருந்தா நிர்வாகத்தோட கடைசி முடிவு வந்த தேதியிலேர்ந்து, 30 நாளுக்குள்ள சி.சி.எம்.ஏ.ல 7.11-ங்கற ஃபார்ம் குடுக்கணும், அதுக்குக் காசு கிடையாது. இந்த 30 நாளைக் கோட்டை விட்டவங்க எத்தனையோ பேரு, லேட்டா குடுத்தா ஏன் லேட்டுன்னு தனியா மனு போட்டு கமிஷனரை ஒத்துக்க வைக்கணும். இன்னைக்கே ஷாப் ஸ்டூவர்டுக்கு ஃபோன் பண்ணி நோட்டீஸை ஃபோட்டோ எடுத்து அனுப்பிடுங்கம்மா, திங்கக்கிழமை வரைக்கும் வைக்காதீங்க.